அத்தியாயம் 7: வேலைக்கு நடுவே தாளம்

மேட்டூரிலிருந்து கொளத்தூர், பாலாறு வழியாக மலைப்பாதையில் ஏறினால் மாதேஸ்வரன் மலை வரும். இன்று அது கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில் இருக்கிறது. 1997 வரை மைசூர் மாவட்டத்தில் இருந்தது. அதற்கும் முன்னால், 1956 வரை, இந்த மலையை உள்ளடக்கிய கொள்ளேகால் வட்டம் கோயம்புத்தூர் மாவட்டத்தின் பகுதி. எல்லைகள் மாறினாலும் சேலம், ஈரோடு, தர்மபுரிப் பக்கத்துக் குடும்பங்கள் சிவராத்திரிக்கும் தீபாவளிக்கும் மாதேஸ்வரனைப் பார்க்க மலையேறுவது நிற்கவில்லை.

கையால் கற்கும் இரண்டு வித்தைகள் இந்த மலையில் அக்கம்பக்கமாக வாழ்கின்றன. ஒன்று, உண்ணிச்செடியின் குச்சியைக் கொண்டு கூடையும் நாற்காலியும் செய்யும் சோளகர் பழங்குடியினரின் கைத்தொழில். மற்றொன்று, மாதேஸ்வரனின் கதையைப் பாடிக்கொண்டே வெண்கலத் தாளத்தை வீசி ஒலிக்கும் கம்சாளே. இவற்றைச் செய்கிறவர்கள் முழுநேரமும் இதையே செய்துகொண்டிருப்பவர்கள் அல்லர். காடு, கழனி, ஆடு மாடு, சமையல், பிள்ளைகள் என்று எல்லா வேலைக்கும் நடுவில்தான் குச்சியும் தாளமும் அவர்கள் கைக்கு வருகின்றன.

நகரத்தில் நாற்பது வயதில் வாய்ப்பாட்டு வகுப்பில் சேர்ந்தவருக்கும், ஓய்வு பெற்றபின் வீணையை எடுத்தவருக்கும் இருக்கும் சிக்கல் இதேதான். தையலோ கூடைப் பின்னலோ ஒரு பக்கம், சரளி வரிசை ஒரு பக்கம், துவைக்கப் போட்ட துணி இன்னொரு பக்கம். “சின்ன வயதில் தொடங்கியிருக்க வேண்டும், இனி எங்கே?” என்ற பெருமூச்சை எத்தனையோ வீடுகளில் கேட்கிறோம். அந்தப் பெருமூச்சில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்று அறிவியலைக் கேட்டுப் பார்ப்பதே இந்த அத்தியாயம்.

குச்சி சொல்லித்தரும் பாடம்

உண்ணிச்செடி நம் மண்ணுக்கு உரியதன்று. அமெரிக்க வெப்பமண்டலத்தைச் சேர்ந்த இந்தச் செடி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுச் செடியாகக் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு வந்தது. இன்று இந்தியக் காடுகளில் ஒன்றரை லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் பரவி, புல்லையும் இளம் மரங்களையும் எழவிடாமல் அடைத்துக்கொண்டு நிற்கிறது. மாதேஸ்வரன் மலைக் காடும் தப்பவில்லை. மூங்கில் கிடைப்பது அரிதானபோது, பெங்களூரைச் சேர்ந்த ஏட்ரீ என்ற சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனம் 2000களில் இங்குள்ள மக்களோடு சேர்ந்து உண்ணிக்குச்சியை மூங்கிலுக்கும் பிரம்புக்கும் மாற்றாகப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தது. இதைக் கற்றவர்களில் பெரும்பாலோர் வளர்ந்தவர்கள். நீலகிரியின் கூடலூர்ப் பகுதியிலும் பழங்குடி மக்கள் இதே குச்சியால் ஆளுயரத்தை மிஞ்சும் யானைகளைச் செய்தார்கள். 2021இல் அந்த யானைகள் லண்டன் பூங்காக்களில் கூட்டமாக நின்றன.

வேலை எளிதாகத் தோன்றும். நேரான தண்டுகளை வெட்டிக் கட்டாகக் கொண்டுவந்து, பெரிய பீப்பாயில் தண்ணீர் விட்டுக் கொதிக்க வைக்கிறார்கள். வெந்த தண்டின் பட்டை இளகிவிடும். சூடு இருக்கும்போதே கத்திமுனையால் ஒரு நுனியில் பட்டையைக் கிளப்பிப் பிடித்து இழுத்தால் நீளமாகக் கழன்று வரும். உள்ளே வெளிறிய, வழவழப்பான குச்சி. அதை வளைக்க வேண்டும். வளைவு போதாவிட்டால் கூடையின் வாய் கோணும். மிஞ்சினால் குச்சி முறியும். எந்த இடத்தில் கணு இருக்கிறது, எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்பதைப் புத்தகத்தில் எழுதிவைக்க முடியாது. கட்டைவிரலின் உள்பக்கத்துக்குத்தான் அது தெரிய வேண்டும்.

புதிதாகக் கற்கிறவர் ஒவ்வொரு அசைவையும் யோசித்துச் செய்கிறார். கண் விரலைவிட்டு நகராது, பேச்சுக் கொடுத்தால் கை நின்றுவிடும். சில வாரங்களில் பிழைகள் குறைகின்றன. மாதங்கள் போனபின் கை தானே போகிறது, வாய் ஊர்க்கதை பேசுகிறது. பால் ஃபிட்ஸ், மைக்கேல் போஸ்னர் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1967இல் வெளியிட்ட நூலில் திறன் கற்றலை இப்படித்தான் மூன்று கட்டங்களாகப் பிரித்தார்கள்: யோசித்துச் செய்யும் கட்டம், பிணைத்துப் பழகும் கட்டம், தானாக ஓடும் கட்டம். கூடைக்கும் பாட்டுக்கும் பாத்திரம் துலக்குவதற்கும் இந்த மூன்று கட்டமும் பொது. நாம் இன்று யோசிக்காமல் செய்யும் ஒவ்வொரு வீட்டுவேலையும் ஒரு காலத்தில் முதல் கட்டத்தில் இருந்ததுதான். முதன்முதலில் தோசை வார்த்த நாளை நினைத்துப் பார்த்தால் புரியும்.

தாளம் விழுவதற்கு முன்

கம்சாளே ஒரு சோடி வெண்கலத் தாளம். கிண்ணம் போன்ற ஒன்று இடது உள்ளங்கையில் இருக்கும். தட்டையான மற்றொன்றைக் குஞ்சம் கட்டிய கயிற்றால் வலக்கையில் பிடித்து வீசுவார்கள். மாதேஸ்வரனுக்கு நேர்ந்துகொண்டு தீட்சை பெற்ற ‘தேவரகுட்டர்’ என்னும் அடியார்கள் இதை ஒலித்துக்கொண்டே அவர் கதையை இரவெல்லாம் பாடுவது மரபு. பீசு கம்சாளே என்ற ஆட்டத்தில் வேகம் கூடும். தட்டு தலைக்கு மேல் சுழன்று, முதுகுப்புறம் போய், காலுக்கடியில் புகுந்து, சரியான அட்சரத்தில் கிண்ணத்தின் மேல் வந்து விழும். சில அடவுகளில் அடுத்தவர் கையிலுள்ள கிண்ணத்தில் விழும். இதில் தவறினால் காதும் சொல்லும், அடுத்தவர் விரலும் சொல்லும்.

தட்டு வட்டம் சுற்றி வர நேரம் பிடிக்கிறது. ஒலி தாளத்தில் விழவேண்டுமானால், தாளம் வருவதற்கு வெகு முன்னாலேயே கை புறப்பட்டாக வேண்டும். ஆகவே கலைஞரின் மூளை, கேட்ட தாளத்துக்குப் பதில் சொல்வதில்லை. வரப்போகும் தாளத்தை முன்கூட்டிக் கணிக்கிறது. இதைச் சாதாரண மனிதரிடமும் காட்ட முடியும். சீராக ஒலிக்கும் மணியோசைக்கு விரலால் தட்டச் சொன்னால், பெரும்பாலோர் ஓசைக்குச் சில பத்து மில்லிநொடிகள் முந்தியே தட்டுகிறார்கள். இசைப் பயிற்சி உள்ளவர்களிடம் இந்த இடைவெளி சுருங்குகிறது.

கணிப்பு வேலையில் சிறுமூளைக்கும், மூளையின் ஆழத்திலுள்ள அடித்தள நரம்புத்திரளுக்கும் பெரும் பங்கு உண்டு. கையைக் காலை அசைக்காமல் தாளத்தை வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தாலே, அசைவைத் திட்டமிடும் பகுதிகள் விழித்துக்கொள்வதை மூளைப் படப்பிடிப்பு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நடக்கச் சிரமப்படும் பார்க்கின்சன் நோயாளிகள் சீரான ஓசைக்கு ஏற்பக் காலெடுத்து வைக்கும்போது நடை மேம்படுவதற்கும் இந்தப் பிணைப்பே அடிப்படை. காதுக்கும் கைக்கும் நடுவே ஏற்கெனவே போட்ட பாதை ஒன்று நம் எல்லோரிடமும் இருக்கிறது. ஐம்பது வயதில் முதன்முதலாக ஆதி தாளம் போடுகிறவரும் அந்தப் பாதையில்தான் நடக்கத் தொடங்குகிறார்.

வயது எதை எடுத்துக்கொள்கிறது, எதை விட்டுவைக்கிறது

சிறுவயதில் தொடங்குவதற்குச் சில சலுகைகள் உண்டு என்பது உண்மை. தாமஸ் எல்பர்ட்டும் கூட்டாளிகளும் 1995இல் தந்திவாத்தியக் கலைஞர்களின் மூளையைச் சோதித்தார்கள். தந்தியை அழுத்தும் இடக்கை விரல்களுக்கு மூளைப் புறணியில் கூடுதல் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. எவ்வளவு இளம் வயதில் தொடங்கினார்களோ அவ்வளவு கூடுதல். எந்தத் துணையும் இல்லாமல் ஒரு சுரத்தைக் கேட்டவுடன் அதன் சுருதியைச் சொல்லும் திறனைப் பெறும் வாய்ப்பும் குழந்தைப் பருவத்தோடு ஏறக்குறைய முடிந்துபோகிறது. நல்லவேளையாக, கர்நாடக இசைக்கு அது தேவையில்லை. நாம் பாடுவது அவரவர் ஆதார சட்ஜத்தை வைத்துத்தான்.

வளர்ந்த மூளை இறுகிப்போன மூளை என்பது உண்மையன்று. 2004இல் ஜெர்மனியில் இளைஞர்களுக்கு மூன்று பந்துகளை மாறி மாறி வீசிப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். மூன்று மாதத்தில், அசைவைக் கண்ணால் தொடரும் மூளைப் பகுதியில் சாம்பல்நிறப் பொருள் கூடியிருந்தது. பயிற்சியை நிறுத்தியபின் அது குறைந்தது. நான்கு ஆண்டுகளுக்குப் பின் அறுபது வயதை ஒட்டியவர்களிடம் இதே சோதனையைச் செய்தார்கள். பந்தைப் பிடிக்கக் கற்றவர்கள் இளைஞர்களை விடக் குறைவு. கற்றுக்கொண்டவர்களின் மூளையில் அதே வகை மாற்றம் இருந்தது. அமெரிக்காவில் 60 முதல் 85 வயது வரையானவர்களுக்கு ஆறு மாதம் தனித்தனியாகப் பியானோ கற்பித்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், கவனத்தையும் திட்டமிடலையும் அளக்கும் சில தேர்வுகளில் அவர்கள் முன்னேறியிருந்தார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. கூடை பின்னுகிறவர் அதனாலேயே நல்ல தாளக்காரர் ஆகிவிடமாட்டார். ஒரு திறன் இன்னொன்றுக்கு எந்த அளவு கைமாறும் என்பதை எட்வர்ட் தார்ண்டைக்கும் ராபர்ட் உட்வொர்த்தும் 1901லேயே ஆராய்ந்தார்கள். இரண்டிலும் பொதுவான கூறுகள் இருக்கும் அளவுக்குத்தான் கைமாற்றம் நடக்கிறது. கைத்தொழில் பழகியவருக்கு இசை வகுப்பில் கிடைக்கும் நன்மை வேறு வகையானது. பிழை வந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும், சிக்கலான இடத்தை மட்டும் தனியாகப் பழக வேண்டும், இன்று வராதது அடுத்த வாரம் வரும் என்பதெல்லாம் அவருக்கு ஏற்கெனவே தெரியும். இந்தப் பொறுமையைக் குழந்தையிடம் எதிர்பார்க்க முடியாது.

தபால்காரர்கள் கற்ற விதம்

வேலை நிறைந்த வீட்டில் இசைக்கு நாள்தோறும் இரண்டு மணி நேரம் கிடைக்காது. அதனால் ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக உட்கார்ந்து ஈடுகட்டப் பார்க்கிறோம். பிரிட்டனில் நடந்த ஓர் ஆய்வு இதற்கு நேரடியாகப் பதில் சொல்கிறது.

கடிதங்களைப் பிரிக்கும் வேலைக்கு விசைப்பலகை இயந்திரம் வந்தபோது, தபால்காரர்கள் தட்டச்சு கற்க வேண்டியிருந்தது. எல்லோரும் வளர்ந்தவர்கள். ஆலன் பேட்லி, டி. ஜே. ஏ. லாங்மன் என்ற உளவியலாளர்கள் அவர்களை நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழு நாளைக்கு ஒரு மணி நேரம் மட்டும் பழகியது. இன்னொரு குழு நாளைக்கு இரண்டு முறை, முறைக்கு இரண்டு மணி நேரம் என நான்கு மணி நேரம் பழகியது. மற்ற இரண்டு குழுக்களும் நடுவில். 1978இல் வந்த முடிவுப்படி, நாளைக்கு ஒரு மணி நேரம் பழகியவர்களுக்கு விசைப்பலகை முழுவதும் கைவர மொத்தம் சுமார் 35 மணி நேரம் போதுமானதாக இருந்தது. நான்கு மணி நேரம் பழகியவர்களுக்குச் சுமார் 50 மணி நேரம் பிடித்தது.

நாட்கணக்கில் பார்த்தால் நான்கு மணி நேரக் குழு முன்னதாக முடித்தது. ஆனால் செலவழித்த ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கிடைத்த பலன் ஒரு மணி நேரக் குழுவுக்கே அதிகம். இதில் இன்னொரு செய்தியும் உண்டு. சிக்கனமாகக் கற்ற அந்தக் குழுவினருக்குத்தான் தங்கள் பயிற்சி முறையில் திருப்தி குறைவாக இருந்தது. மற்றவர்களைவிடப் பின்தங்குவதாக அவர்கள் எண்ணினார்கள். வீட்டுவேலைக்கு நடுவே தினமும் கொஞ்ச நேரம் மட்டும் பாடிப் பழகுகிறவர் “நான் எங்கே உருப்படியாகப் பழகுகிறேன்!” என்று சோர்வதும் இதே மனநிலைதான். அளவுகோல் நாட்களாக இருக்கும்வரை அந்தச் சோர்வு தீராது.

இடைவெளியில் என்ன நடக்கிறது? கற்ற அசைவு மூளையில் உடனே இறுகுவதில்லை. 1996இல் நடந்த ஒரு சோதனையில், ஒரு கை அசைவைக் கற்றவர்களுக்கு உடனே அதற்கு முரணான இன்னொரு அசைவைக் கற்றுக்கொடுத்தபோது முதலாவது கலைந்துபோனது. நான்கு மணி நேரம் கழித்து இரண்டாவதைக் கற்பித்தபோது முதலாவது பத்திரமாக இருந்தது. விரல் வரிசைகளைப் பழகியவர்கள் ஓர் இரவு தூங்கி எழுந்தபின், கூடுதல் பயிற்சி எதுவும் இல்லாமலே, சுமார் 20 சதவீதம் வேகமாகச் செய்ததை 2002இல் மாத்யூ வாக்கரின் குழு கண்டது. பயிற்சிக்கு நடுவே பத்து நொடி ஓய்வில்கூட முன்னேற்றம் நடக்கிறது என்று 2019இல் ஓர் ஆய்வு சொன்னது. அது சோர்வு நீங்குவதன் விளைவு மட்டுமே என்று வேறு சிலர் வாதிடுகிறார்கள். அந்த விவாதம் முடியவில்லை. சில மணி நேர இடைவெளியும் இரவுத் தூக்கமும் உதவுகின்றன என்பதற்குச் சான்றுகள் வலுவாகவே உள்ளன.

இந்த முடிவுகளை வீட்டுக்குள் கொண்டுவந்தால் ஒரு நடைமுறை கிடைக்கிறது. நம் நாளில் உள்ள வேலைகளைக் கைக்கு எவ்வளவு புதியது என்பதை வைத்துப் பிரிக்கலாம். புதிய கீர்த்தனை புதியது. புதிதாகக் கற்கும் பின்னலும் புதியது. பெருக்குவது, துணி மடிப்பது, கீரை ஆய்வது எல்லாம் தானாக ஓடும் கட்டத்தில் இருப்பவை. இரண்டு புதியவற்றை அடுத்தடுத்து வைக்க வேண்டாம். காலையில் பாடம், மாலையில் பின்னல் என்று பிரித்து, நடுவில் பழகிய வேலைகளை விடலாம். இரண்டு வயல்களின் தண்ணீர் கலந்துவிடாமல் வரப்பு காப்பதுபோல், அந்தப் பழகிய வேலைகள் இரண்டு கல்விகளையும் காக்கும்.

பாத்திரம் துலக்கும்போது பாடம்

பழகிய வேலை இன்னொன்றும் செய்கிறது. கை தானே ஓடும்போது மனம் ஓய்வாக இருக்கிறது. அந்த ஓய்வுக்கு மதிப்பு உண்டு என்பதை ஆல்வாரோ பாஸ்குவால்-லியோன் 1995இல் காட்டினார். பியானோ தொட்டறியாத பெரியவர்களுக்கு ஐந்து விரல் பயிற்சி ஒன்றைக் கற்பித்தார்கள். ஒரு குழு நாளைக்கு இரண்டு மணி நேரம் வாசித்தது. இன்னொரு குழு வாத்தியத்தின் முன் உட்கார்ந்து, விரலை அசைக்காமல் மனத்துக்குள் மட்டும் வாசித்தது. ஐந்து நாளில் இரண்டு குழுவினரின் மூளையிலும் அந்த விரல்களுக்கான பரப்பு விரிந்திருந்தது. மனத்தில் மட்டும் வாசித்தவர்களின் திறன், உண்மையில் வாசித்தவர்கள் மூன்றாம் நாளில் எட்டிய அளவில் இருந்தது. பிறகு ஒரே ஓர் அமர்வு வாத்தியத்தில் பழகியதும் அவர்கள் ஏறக்குறைய முன்னவர்களை எட்டிவிட்டார்கள்.

அந்த ஆய்வில் மனப்பயிற்சி செய்தவர்கள் வேறு வேலை எதுவும் செய்யவில்லை. எனவே பாத்திரம் துலக்கிக்கொண்டே நினைத்தால் அதே அளவு பலன் என்று சொல்லிவிட முடியாது. இருந்தாலும், காலையில் பாடிய சரணத்தின் எடுப்பு எங்கே, எத்தனையாவது அட்சரத்தில் சொல் விழுகிறது என்று குழாயடியில் நினைவுகூர்வதற்குத் தடை ஏதுமில்லை. புதிய சங்கதியை மட்டும் வேலையின் நடுவே திணிக்கக் கூடாது. அது முழுக் கவனத்தையும் கேட்கும் முதல் கட்டத்தில் இருக்கிறது. அதற்குக் கதவைச் சாத்திக்கொண்ட கொஞ்ச நேரம் வேண்டும்.

நம் முன்னோர் பாட்டையும் வேலையையும் பிரித்துவைத்ததே இல்லை. உலக்கை குத்தும்போது பாடிய வள்ளைப்பாட்டைச் சிலப்பதிகாரத்திலேயே காண்கிறோம். நடவுப் பாட்டு நாற்று நடும் கைகளை ஒரே சீரில் வைத்தது. ஏற்றப்பாட்டு இறைத்த சால்களைக் கணக்கிடவும் உதவியது. உலகெங்கும் இப்படித்தான் என்பதை ஜெர்மானியப் பொருளியலாளர் கார்ல் பியூக்கர் 1896இல் ஒரு தனி நூலாகவே எழுதினார். ஒரே தாளத்தில் பலர் உலக்கை போடும்போது ஒருவர் கை இன்னொருவர் கையில் மோதுவதில்லை, களைப்பும் தாமதமாகவே தெரிகிறது. அந்தப் பாடல்களைப் பெரும்பாலோர் வகுப்பில் கற்கவில்லை. வயலிலும் முற்றத்திலும், பெரியவர்களான பின்பும், வேலையோடு சேர்த்துக் கற்றார்கள். மாவு அரைக்கவும் தண்ணீர் இறைக்கவும் இயந்திரம் வந்தபோது உடல்வலி குறைந்தது, அது நல்லதே. கூடவே, பெரியவர்கள் கூச்சமின்றிப் பாடப் பழகும் இடம் ஒன்றும் நம் வீடுகளிலிருந்து போய்விட்டது.

யாருடைய நேரம்?

மூளையின் கணக்கு மட்டும் போதாது, கடிகாரத்தின் கணக்கையும் பார்க்க வேண்டும். ஒன்றிய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டுவேலை செய்கிறவர்களில் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடம். இருநூறு நிமிட வித்தியாசம். தபால்காரர்களுக்குப் போதுமாக இருந்த ஒரு மணி நேரத்தை இதில் மூன்று முறை எடுக்கலாம்.

ஒரு பெண் நாற்பத்தைந்து வயதில் பாட்டுக் கற்க முடியாமல் போவதற்கு அவளுடைய மூளையைக் காரணம் காட்டுவது அநியாயம். அவளுடைய நரம்பணுக்கள் தயாராகத்தான் இருக்கின்றன. காலை ஆறு முதல் இரவு பத்து வரை அவள் கைகளுக்கு ஓய்வில்லை என்பதே காரணம். உண்ணிக்குச்சிக் கைத்தொழிலைப் போல வீட்டருகே செய்யும் தொழில்கள் பெண்களுக்கு வருமானம் தருகின்றன என்று பாராட்டுகிறோம். அந்தத் தொழிலும் வீட்டுவேலையும் சேர்ந்து அவள் நாளை முழுவதும் விழுங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது வீட்டிலுள்ள மற்றவர்களின் கடமை. பழகிய வேலைகள் கல்வியைக் காக்கும் என்று மேலே சொன்னது, அந்த வேலைகள் ஓர் அளவுக்குள் இருக்கும்வரைதான் பொருந்தும்.

ஆகவே இந்த அத்தியாயத்தின் முடிவு இரண்டு பேருக்கானது. கற்க விரும்புகிறவருக்கு: வயதை எண்ணித் தயங்க வேண்டாம். நாள்தோறும் இருபது நிமிடமோ அரை மணியோ ஒதுக்குங்கள், அதைத் தவறாமல் காப்பாற்றுங்கள். புதிய பாடத்துக்குப் பின் பழகிய வேலை, அதற்குப் பின் நல்ல தூக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை மாரத்தான் வேண்டாம். அந்த வீட்டில் இருக்கும் மற்றவருக்கு: அவர் சுருதிப்பெட்டியைத் திறக்கும் நேரத்தில் அடுப்படியை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கல்விக்குப் பெரிதாக வேண்டியது அதுதான்.